நாரியும் நடையும்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, நில அளவை பற்றியோ, எமக்குக் கற்பித்த ஆசிரியப் பெருமக்கள் பற்றியோ நான் எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நில அளவைத் திணைக்களத்தில் 38 ஆண்டுகள் கடமையாற்றியவனுக்கு அவ்வாறு எழுதுதல் எளிது. ஆயினும், சென்ற பழைய மாணவர் ஒன்றுகூடலின்போது நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் என் மனத்தை வேறு வழியில் திருப்பிவிட்டது.

அன்று பிரார்த்தனை மண்டபத்திற் கூட்டம் முடிந்ததும், விளையாட்டு மைதானத்தின் மறுகோடியில் அமைத்திருந்த கூடாரத்துக்கு எல்லோரும் மதிய போசனத்துக்காகச் சென்றனர். 1969 ஆம் ஆண்டில் ஒரே வாங்கில் இருந்து கற்ற நாங்கள் மூவர் மட்டும் பின்தங்கினோம். ஒருவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், மற்றவர் விவசாயப் போதனாசிரியராய் இருந்தவர், மூன்றாமவன் நான். மூவருக்கும் வைத்தியர்கள் இட்ட நோய்ப் பெயர் ஒன்றே. நாரிப் பகுதியில் முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுங்குதல் என்பது அதன் பெயர். தபாலதிபரும் நானும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள். விவசாய நண்பர் செய்துகொள்ளாதவர். மூவருள் முதலிற் கூடாரத்தை அடைந்தவன் நான். இடையில் ஒருமுறை குந்தியிருந்துவிட்டு அடுத்து வந்தவர், கத்தியே படாத விவசாய நண்பர். நாரியைக் கையாற் பிடித்தபடி கடைசியாக வந்தவர் தபாலதிபர்.

இதனைக் கண்ட தோழர்களுள் ஐவரேனும் மாலைக்குள் என்னைத் தனியே அழைத்து, "இந்தச் சத்திரசிகிச்சை செய்யலாமா, செய்யக்கூடாதா?" என்று வினவினர். எங்கள் வயதில் இக்கேள்வி பலர் வீட்டிலும் உள்ளது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நான் வைத்தியன் அல்லன். நோயாளியாய் இருந்தவன், இருந்த காலத்தில் இது பற்றிக் கேட்டும் வாசித்தும் அறிந்தவன். அன்று அரைகுறையாய்க் கூறிய விடையை இயன்ற அளவு முழுமையாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எனக்கு இந்நோய் தோன்றியது 2014 ஆம் ஆண்டின் இறுதியில். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் யாழ்தேவி நெடுங்காலத்தின் பின் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. நானும் அதில் ஏறி, மகள் வீட்டுக்கென்று கொழும்பு சென்றேன். கோட்டைப் புகையிரத நிலையத்திற் சனக்கூட்டம் கலையுமட்டும் மேடையில் நின்றபோது, பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இரு கால்களும் கனத்து விறைத்தன. பயணப் பெட்டியின்மேல் அமர்ந்தேன். இரண்டு நிமிடங்களில் எல்லாம் மாறிற்று. எழுந்து நடந்தேன்; சிறிது தூரத்தில் மீண்டும் அதே கனம். பயணக் களைப்பு என்று எண்ணி அதனை மறந்துவிட்டேன்.

களைப்பு அன்று என்பதைப் பின்னர் என் தொழிலே எனக்கு உணர்த்திற்று. தியத்தலாவையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில் 66 அடிச் சங்கிலி கொண்டே நிலத்தை அளந்தோம். அப்பழக்கத்தால், எவ்வழியிற் சென்றாலும் எத்தனை காலடி என்று எண்ணுதல் எனக்கு இயல்பாகிவிட்டது. எங்கள் படலையிலிருந்து பிள்ளையார் கோயில் வாசல் வரை 640 மீற்றர். 2015 ஆம் ஆண்டு நடுவில், அத்தூரத்துக்கு இடையே ஒருமுறை மதகில் இருக்கவேண்டியதாயிற்று. 2016 ஆம் ஆண்டு முடிவில் 180 மீற்றருக்கு மேல் ஓரடி வைக்க இயலவில்லை. பழைய கணக்கில் அது ஒன்பது சங்கிலி. நாடு முழுவதும் காடும் மேடும் நடந்து அளந்தவனுடைய உலகம் ஒன்பது சங்கிலிக்குள் அடங்கிற்று.

இதில் விந்தை யாதெனில், துவிச்சக்கரவண்டியில் ஏறினால் எனக்கு ஒரு நோவும் இல்லை. ஐந்து மைல் தூரத்திலுள்ள தோட்டத்துக்கு நாள்தோறும் சென்று வந்தேன். கோயிலுக்கு நடக்கமாட்டாதவர் தோட்டத்துக்கு மட்டும் சைக்கிளில் எவ்வாறு பறக்கிறார் என்று அயலவர்கள் கேட்டதுண்டு. என் மனைவியின் முகத்திலும் அவ்வையம் சிலவேளை தோன்றியது. நானே என்னை ஐயுற்றேன். ஆனால், இந்நோயின் அடையாளமே அதுதான் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அதற்குக் காரணம் நாரியின் அமைப்பு. எமது நாரியில் ஐந்து முள்ளென்புகள் உள. அவற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் குழாய் போன்ற வழியே முள்ளந்தண்டுக் கால்வாய். மூளையிலிருந்து இறங்கும் முண்ணாண், வளர்ந்தோரில் முதலாம் இரண்டாம் நாரி முள்ளென்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகின்றது. அதற்குக் கீழே, கால்களுக்கும் சலப்பைக்கும் செல்லும் நரம்புகள் கற்றையாக இறங்குகின்றன. பார்வைக்கு ஒத்திருப்பதால் அக்கற்றையைக் குதிரைவால் என வைத்திய நூலார் அழைப்பர். முன்பின்னாக அளந்தால் இக்கால்வாய் பெரும்பாலும் 15 முதல் 25 மில்லிமீற்றர் வரை அகலமுடையது. வயது ஏற ஏற, முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் வற்றிப் பிதுங்குகின்றன. பின்புற மூட்டுகள் பருக்கின்றன. என்புகளைப் பிணைக்கும் மஞ்சள் நிற நார் தடிக்கின்றது. மூன்று பக்கத்தாலும் வேலி நகர்ந்தால் ஒழுங்கை ஒடுங்குவதுபோலக் கால்வாய் ஒடுங்குகின்றது. நிமிர்ந்து நிற்கையிலும் நடக்கையிலும் அவ்வொடுக்கம் மேலும் இறுகும். முன்புறம் குனிந்தால் சிறிது விரியும். ஆதலினாற்றான் இருந்தால் சுகம். கைபிடியை நோக்கிக் குனிந்து சைக்கிள் ஓட்டினாலும் சுகம்.

காலின் இரத்தக் குழாய்கள் அடைபட்டோர்க்கும் நடக்கும்போது கால் நோகும். ஆயினும் அவர்கள் இருக்கவேண்டியதில்லை. நின்றாலே நோவு தணியும். சைக்கிள் ஓட்டினாலும் அவர்களுக்கு நோகும். ஆகவே முதலிற் காலின் நாடியைத் தொட்டுப் பார்க்காத வைத்தியர் ஆராயவேண்டியதை ஆராய்ந்தவராகார். நீரிழிவினால் வரும் விறைப்பையும் இதனோடு மயங்குதல் கூடாது.

இந்நோயைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் ஒல்லாந்து தேசத்தில் உத்ரெக்ற் நகரிற் பணியாற்றிய நரம்புச் சத்திரவைத்தியர் ஹெங்க் வெர்பீஸ்ற் என்பவர். நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் கால்களில் நோவும் விறைப்பும் தளர்ச்சியும் தோன்றி, படுத்தவுடன் மறையும் நோயாளரைப் பற்றி 1954 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் முதன்மை பெற்றது. கால்வாயின் பின்சுவராகிய என்புத் தகட்டை அகற்றி நரம்புகளுக்கு இடமளித்தால் அவர்கள் நடந்தார்கள் என்பதை அவர் கண்டார். கால்வாய் 12 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் ஒடுக்கம், 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மிக ஒடுக்கம் என்னும் அளவுகளும் அவரோடு தொடர்புடையனவே.

என் கதைக்கு வருகிறேன். 2016 ஆம் ஆண்டில் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் எடுக்கப்பட்டது. மூன்றாம் நான்காம் முள்ளென்புகளுக்கு இடையிலும், நான்காம் ஐந்தாம் முள்ளென்புகளுக்கு இடையிலும் கால்வாய் நெருங்கியிருந்தது. தனியார் வைத்தியசாலையொன்றில் அப்படத்தைப் பார்த்தவர் ஐந்து நிமிடத்தில் முடிவு கூறிவிட்டார். கால்வாயை விரித்து, முள்ளென்புகளைத் திருகாணிகளாற் பிணைக்கவேண்டும். தாமதித்தால் நடை முற்றாக நின்றுவிடும் என்றார். அதற்கு அவர் கூறிய பணத்தை என் ஓய்வூதியத்தில் எண்ணவும் இயலாது. தந்தையார் எனக்குத் தந்த பனங்காணியை ஈடு வைக்க எண்ணினேன். அதன் எல்லையை நானே அளந்து கல் நாட்டியிருந்தேன். அதன் வரைபடத்தை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு நானும் மனைவியும் இரவு வெகுநேரம் ஒன்றும் பேசாது இருந்தோம்.

மறுவாரம் கொழும்பில் அரசினர் வைத்தியசாலை ஒன்றில் பணிபுரியும் ஒரு சத்திரவைத்தியரைக் காணும் வாய்ப்புக் கிட்டிற்று. அவரும் நமது கல்லூரியின் பழைய மாணவர்; எனக்கு 25 ஆண்டு இளையவர். அவர் படத்தைப் பாராது முதலில் என்னைப் பார்த்தார். நடக்கச் சொன்னார், நிற்கச் சொன்னார், காலின் நாடியைத் தொட்டார்.

"ஐயா, உங்களை வருத்துவது காலா, நாரியா?" என்று கேட்டார்.

"இரண்டுந்தான், டொக்டர். கால் நடக்க விடுகிறதில்லை. நாரி காலையில் எழும்ப விடுகிறதில்லை."

"ஒன்றைத்தான் மாற்றலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?"

"காலை" என்றேன், யோசியாமலே.

"அப்படியானால் நாங்கள் பேசலாம். கால் நோவைக் குறைக்க முயல்வேன் என்று நான் சொல்லலாம். நாரி நோவு போய்விடும் என்று சொல்லமாட்டேன். அதையே கேட்டு வந்திருந்தால் கத்தி வேண்டாம் என்றிருப்பேன்."

இத்தனை ஆண்டுகளின் பின்னும் இச்சத்திரசிகிச்சை பற்றி நான் கேட்ட மிகப் பயனுள்ள வார்த்தைகள் அவையே. படத்தைப் பற்றியும் அவர் ஒன்று கூறினார். 1990 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகு நோவே இல்லாதவர்களைக் காந்தப் படம் எடுத்தபோது, 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 21 வீதத்தினருக்குக் கால்வாய் ஒடுங்கியிருந்ததாம். ஆகவே படத்தில் உள்ள ஒடுக்கத்துக்கு வைத்தியம் இல்லை. மனிதனுக்கு உள்ள துன்பத்துக்கே வைத்தியம்.

அவர் உடனே நாள் குறிக்கவில்லை. இயன்மருத்துவரிடம் அனுப்பினார். முழங்கால்களை மார்போடு அணைக்கும் பயிற்சியும், வயிற்றுத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் பழகினேன். முள்ளந்தண்டினுள் ஊசி மருந்தும் ஒருமுறை ஏற்றினர். மூன்று கிழமை சுகம் இருந்தது. பின் பழைய நிலையே. 400 நோயாளரில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வொன்றில், விறைப்பு மருந்தோடு ஸ்டெரோயிட் மருந்தைச் சேர்த்து ஏற்றியதால் ஆறு கிழமை முடிவில் குறிப்பிடத்தக்க மேலதிக நன்மை காணப்படவில்லை என்று அவர் பின்னர் கூறினார்.

அக்காத்திருப்புக் காலத்திலேதான் ஆய்வுகளை வாசிக்கத் தொடங்கினேன். எங்கள் கணித ஆசிரியர் ஒருவர், விடையை எழுதியவனிடம், "இதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் எழுது, அதன் பின்பே அது அளவு" என்று கூறுவார். அவர் சொல்லை நினைவிற்கொண்டே அவற்றை வாசித்தேன்.

பின்லாந்தில் 94 நோயாளரைத் திருவுளச்சீட்டு முறையால் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2007 இல் வெளியாயிற்று. இரு பிரிவினரும் தேறினர்; சத்திரசிகிச்சை பெற்றோர் கூடுதலாகத் தேறினர்; ஆயினும் இரண்டு ஆண்டு முடிவில் அவ்வேறுபாடு சிறிது குறைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 13 நிலையங்களில் நிகழ்ந்த பெரிய ஆய்வு 2008 இல் வெளிவந்தது. அதில் 289 பேர் சீட்டு முறையாற் பிரிக்கப்பட்டனர். வேறு 365 பேர் தாமே வழியைத் தெரிந்துகொண்டனர். பிரிக்கப்பட்டோரிலோ, சத்திரசிகிச்சைக்கு என விடப்பட்டவருள் இரண்டு ஆண்டில் 67 வீதத்தினரே அதனைச் செய்துகொண்டனர். வேண்டாம் என விடப்பட்டவருள் 43 வீதத்தினர் மனம் மாறிச் செய்துகொண்டனர். எல்லைக் கற்கள் இரண்டும் இடம்பெயர்ந்தபின் காணியை அளப்பது போன்றது இது. எனினும், உண்மையிற் செய்துகொண்டோரைச் செய்யாதாரோடு ஒப்பிட்டபோது, நோவு குறைதலிலும் நடமாட்டத்திலும் முன்னவர் தெளிவாக மேலோங்கி நின்றனர். 2015 இல் வெளியான எட்டாண்டுக் கணக்கிலோ, சீட்டு முறையாற் பிரிக்கப்பட்டோரிடையே நான்காம் ஆண்டின் பின் அவ்வேறுபாடு சுருங்கியது. தாமே தெரிந்துகொண்டோரில் மட்டும் நிலைத்தது.

மேய்ன் மாநிலத்து ஆய்வு இதனினும் நேராகப் பேசுகிறது. எட்டு முதல் பத்து ஆண்டுகளின் பின், நாரி நோவு குறைந்தது என்றோர் சத்திரசிகிச்சை பெற்றவருள் 53 வீதம். பெறாதவருள் 50 வீதம். ஏறத்தாழ இரண்டும் ஒன்றே. ஆனால் தம்மை முதன்மையாக வருத்திய குறி தேறிற்று என்றோர் 54 வீதமும் 42 வீதமும் ஆவர். கால் நோவிலும் அன்றாடச் செயலிலும் சத்திரசிகிச்சை பெற்றோர் அத்தனை ஆண்டின் பின்னும் ஓரளவு முன்நின்றனர். 2005 இல் வெளியான இவ்வெண்கள், இளம் வைத்தியர் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளை மீண்டும் சொல்லின.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. பிற்ஸ்பேர்க் நகரத்தார் 169 பேரிற் சத்திரசிகிச்சையையும் ஆறு கிழமை இயன்மருத்துவத்தையும் ஒப்பிட்டு 2015 இல் வெளியிட்ட முடிவில், இரண்டு ஆண்டின் பின் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. இயன்மருத்துவத்துக்கு விடப்பட்டவருள் 57 வீதத்தினர் ஈற்றிற் கத்தியை நாடினர் என்பது உண்மை. ஆனால் எஞ்சிய 43 வீதத்தினர் நாடவில்லை என்பதும் உண்மையே. இந்நோய் பெரும்பாலாரில் மெல்லவே நகரும். பலரில் ஆண்டுக்கணக்காய் ஒரே நிலையில் நிற்கும். ஆதலின், "தாமதித்தால் நடை நின்றுவிடும்" என்னும் அச்சுறுத்தல் எல்லோர்க்கும் பொருந்தாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதனை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது தானே கழிதல், மலம் அடங்காமை, இருக்குமிடம் விறைத்தல், கால் திடீரெனச் சோர்ந்து விழுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், நாள் பார்த்திராது அன்றே வைத்தியசாலை செல்லவேண்டும். அது குதிரைவால் நரம்புகள் நசியும் அடையாளமாக இருக்கலாம். அங்கே மணித்தியாலங்களும் கணக்கில் வரும்.

இனித் திருகாணி பற்றியது. என் காணியின் கதி அதிலேதான் தங்கியிருந்தது. 2016 ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து ஆய்வொன்று வெளியாயிற்று. 247 நோயாளருள் ஒரு பாதியினருக்குக் கால்வாயை விரித்தல் மட்டும். மறுபாதியினருக்கு விரித்தலோடு என்புகளைப் பிணைத்தலும். இரண்டு ஆண்டின் பின்னும், ஐந்து ஆண்டு நிறைந்தோரிலும், பிணைத்ததால் மேலதிக நன்மை இல்லை. பிணைத்தவர்கள் வைத்தியசாலையில் ஏழு நாளுக்கு மேலும், மற்றவர்கள் நான்கு நாளளவும் தங்கினர், செலவும் கூடிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவில், முள்ளென்பு முன்வழுவிய 66 பேரில் நடந்த சிறிய ஆய்வொன்று பிணைத்தலுக்குச் சிறிதளவு நன்மை காட்டியதையும் கூறவேண்டும். பின்னர் 2021 இல், அவ்வாறு வழுவிய 267 பேரில் நோர்வே நாட்டார் செய்த ஆய்வு, விரித்தல் மட்டுமே போதியது என்ற பக்கத்துக்கு வலுச் சேர்த்தது. என் முள்ளென்புகள் வழுவவில்லை. ஆகவே, "உங்களுக்குத் திருகாணி வேண்டியதில்லை, ஐயா" என்று வைத்தியர் கூறினார். வரைபடம் மீண்டும் பெட்டகத்துக்குள் சென்றது.

2017 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. முன்னாள் மாலை வைத்தியர் வந்து, நேரக்கூடிய தீங்குகளை ஒன்றொன்றாகக் கூறினார். நரம்புகளை மூடியுள்ள உறை கிழிதல் அமெரிக்க ஆய்வில் நூற்றுக்கு ஒன்பது பேரளவில் நேர்ந்தது. அது பெரும்பாலும் தைத்துச் சீராகும். புண்ணிற் கிருமி ஏறலாம். காலில் இரத்தம் உறையலாம். முதியோரில் இதயமும் நெஞ்சறையும் இடர் செய்யலாம். சில ஆண்டுகளின் பின் மீண்டும் கத்தி வேண்டியோரும் உளர். இவற்றைக் கேட்ட என் மனைவி அழுதாள். நான் கையொப்பமிட்டேன். தீங்குகளைச் சொன்னவரிடமே எனக்கு நம்பிக்கை பிறந்தது.

மறுநாட் காலை மயக்க மருந்து ஏற்றி, குப்புறக் கிடத்தி, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தனராம். நான் அறியேன். அடுத்த நாள் தாதி ஒருவர் என்னைத் தாங்கி எழுப்பி நடத்தினார். புண் நொந்தது, ஆனால் கால்கள் கனக்கவில்லை. மூன்றாம் நாள் முகம் மழிப்பதற்காகக் கண்ணாடி முன் நின்றேன். இரண்டு ஆண்டுகளாக நான் கதிரையில் இருந்தே மழித்து வந்தவன். அன்று முழுவதையும் நின்றபடியே முடித்து, முகத்தைக் கழுவித் துடைத்த பின்பே, இடையில் இருக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

வீடு திரும்பியதும் குறிப்பேடு ஒன்றைத் திறந்து என் நடையை அளந்து எழுதினேன். ஆறு கிழமையிற் பிள்ளையார் கோயிலை, அதாவது 640 மீற்றரை, இடையில் இராமல் அடைந்தேன். மூன்று மாதத்தில் 1.2 கிலோமீற்றர். ஓராண்டு முடிவில் 2.5 கிலோமீற்றர். அவ்வாண்டு நல்லூர்த் தேரன்று வீதியைச் சுற்றி வந்து, தேர் இருப்பிடம் சேருமட்டும் நின்றேன். இளமையில் அது எனக்கு ஒரு பொருட்டன்று. அன்று கண் கலங்கிற்று.

கணித ஆசிரியர் கேட்டபடி பிழையையும் எழுதுகிறேன். நாரி நோவு இன்றும் உண்டு. காலையில் எழுந்து கால் மணித்தியாலம் சுவரைப் பிடித்தே நடக்கிறேன். வலக்காற் பெருவிரலின் விறைப்பு மாறவேயில்லை. நெடுநாள் நசிந்த நரம்பு முழுவதும் மீளாது என்றார் வைத்தியர். நடையும் சிறிது சிறிதாகக் குறைந்து இப்போது 1.5 கிலோமீற்றரில் நிற்கின்றது. ஆய்வுகள் கூறியது போலவே, பெற்ற நன்மையில் ஒரு பகுதியைக் காலம் திரும்ப எடுத்துக்கொண்டது. இருந்தும் ஒன்பது சங்கிலியோடு ஒப்பிட்டால் நான் செல்வந்தன்.

தபாலதிபரின் வரலாறு வேறு. அவருக்குக் கால் நோவு இருந்ததில்லை. ஒரு மைல் நடப்பார், நாரிதான் நொந்தது. படத்தில் ஒடுக்கம் கண்டதும், வெளிநாட்டிலுள்ள மகன் பணம் அனுப்ப, அயல்நாடு ஒன்றில் திருகாணி பூட்டிச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். செய்தவர் கைவன்மை உடையவர் என்பதில் ஐயமில்லை. "படம் இப்போது நன்றாயிருக்கிறது, நான்தான் நன்றாயில்லை" என்று நண்பர் எம்மிடம் சிரித்துக்கொண்டே கூறினார். அச்சிரிப்பை நான் மறக்கவில்லை. கால் நோவு முதன்மையாக உள்ளோரே நாரி நோவு முதன்மையாக உள்ளோரினும் கூடுதலான பயனை அடைகின்றனர் என்பது அமெரிக்க ஆய்விலும் வெளிப்பட்டதொன்று. அவரிடம் யாரும் அதனைக் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

விவசாய நண்பருக்கோ 700 மீற்றரிற் கால் கனக்கும். இருந்தால் மாறும். அவர் சத்திரசிகிச்சை வேண்டாம் என்றார். உடற்பருமனைக் குறைத்தார், பயிற்சியைக் கைவிடாது செய்கிறார், எங்கும் சைக்கிளிலேயே செல்கிறார். ஆறு ஆண்டுகளாக அவருடைய 700 மீற்றர் 700 மீற்றராகவே இருக்கின்றது. தம் வாழ்வுக்கு அது போதும் என்பது அவர் முடிவு. அம்முடிவிற் குறை காண எனக்கு ஒரு நியாயமும் இல்லை.

ஆகவே, "செய்யலாமா?" என்று கேட்ட தோழர்களுக்கு என் விடை, அக்கேள்வியை வேறு விதமாகக் கேளுங்கள் என்பதே. நான் எதனைத் திரும்பப் பெற விரும்புகிறேன்: நடையையா, நோவற்ற நாரியையா? நடை எனில் இப்போது எவ்வளவு நடக்கிறேன்? அது என் வாழ்வுக்குப் போதாதா? பயிற்சியை மூன்று மாதமேனும் மெய்யாகச் செய்தேனா? திருகாணி கூறப்பட்டால், என் முள்ளென்பு வழுவியுள்ளதா, அதற்கு வேறு காரணம் உண்டா? இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். விடை கூற நேரமில்லாதவராயின் இன்னொருவரிடம் செல்லுங்கள். புகைப்பவராயின் முதலில் அதனை விடுங்கள். புகைப்போர்க்குப் பயன் குறைவென்றே ஆய்வுகள் கூறுகின்றன. அதேவேளை, கால் முற்றாகத் தளருமட்டும் காத்திருப்பதும் அறிவன்று. குறிகள் ஓராண்டுக்கு மேல் நீடித்தவர்கள் குறைவாகவே தேறினர் என்பதும் அதே அமெரிக்க ஆய்விற் காணப்பட்டது. நான் இரண்டு ஆண்டு காத்தேன். என் பெருவிரலின் விறைப்பு அதன் விலையோ என்று சிலவேளை எண்ணுவதுண்டு.

இறுதியாக, பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஒன்றுகூடலில் போசனக் கூடாரத்தை மண்டபத்துக்கு அண்மையில் அமைத்தல் இயலாதாயின், மைதானத்தின் நடுவே, வேப்பமர நிழலில், இரண்டு வாங்குகளையேனும் இட்டு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வகுப்பார் அங்கே சற்று இருந்து பழங்கதை பேசிவிட்டு வந்து சேர்வோம். எங்களை நிமிர்ந்து நடக்கப் பழக்கிய கல்லூரித் தாய் நீடூழி வாழ்க.